நாய்க்குட்டி பெயரில் ஒரு கம்ப்யூட்டர் அதிசயம்!

கம்ப்யூட்டருக்குள் "ஹார்டு டிஸ்க்" என்று ஒன்று இருக்கிறது. படம், பாட்டு, கடிதம் எல்லாம் அதில்தான் தங்கும். அதைக் கழற்றி எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் ஓடுமா?

ஓடும்! கட்டைவிரல் அளவுள்ள ஒரு "பென் டிரைவ்" போதும்.

எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு மேஸ்திரி வேண்டும். நாம் தட்டுவதை எழுத்தாக்குவதும், படத்தைத் திரையில் காட்டுவதும் அந்த மேஸ்திரியின் வேலை. "விண்டோஸ்" அப்படி ஒரு மேஸ்திரி. "லினக்ஸ்" இன்னொன்று. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிவைத்தது. இதற்குக் காசு கொடுக்கவேண்டாம்.

இரும்புக் கடைக்கா?

விண்டோஸ் வரவரப் பருத்துக்கொண்டே போகிறது. 2021-ல் வந்த "விண்டோஸ் 11"-க்கு 4 ஜி.பி. நினைவகம் வேண்டும், 64 ஜி.பி. இடமும் வேண்டும். அவை இருந்தாலும், பல பழைய எந்திரங்களை அது ஏற்பதில்லை. முந்திய "விண்டோஸ் 10"-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை, மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரை என்ன செய்வது? பழைய இரும்புக் கடையில் போடுவதா?

லினக்சிலும் பல வகைகள் பருத்து வந்தன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி கௌலருக்கு இது பிடிக்கவில்லை. வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரு சின்ன லினக்சை உருவாக்கி, 2003 ஜூன் மாதம் வெளியிட்டார். அவர் வளர்த்த சிவாவா ஜாதி நாயின் பெயர் "பப்பி". உடம்பு சின்னது, பயம் கிடையாது! அந்தப் பெயரையே வைத்துவிட்டார்: "பப்பி லினக்ஸ்".

2020-ல் வந்த ஒரு பப்பியின் அளவு சுமார் 400 மெகாபைட். ஒரு சினிமாவைவிடச் சிறியது! கடிதம் எழுத, கணக்குப் போட, பாட்டுக் கேட்க எல்லாம் அதற்குள் உண்டு.

இதன் ரகசியம் என்ன? கம்ப்யூட்டரைத் திறந்ததும், பப்பி மூட்டை முடிச்சோடு நினைவகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நினைவகம் மின்னல் வேகம் உள்ளது. அதனால் கிழட்டு எந்திரமும் சுறுசுறுப்பாகிறது. வேலை முடிந்ததும், "சேமிக்கவா?" என்று கேட்கும். வேண்டாம் என்றால், நினைவகத்தில் இருந்தது எல்லாம் மறைந்துவிடும்.

குழந்தையின் படங்கள்

ஒருநாள் விண்டோஸ் எழுந்திருக்க மறுக்கிறது. குழந்தையின் பிறந்தநாள் படங்கள் உள்ளே! பதறவேண்டாம். பப்பி உள்ள பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். ஹார்டு டிஸ்கைத் திறந்து, படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். டிஸ்கே கெட்டுப்போயிருந்தால் பப்பியால் ஒன்றும் ஆகாது. ரகசியப் பூட்டு போட்டிருந்தால், அதன் சாவி எண் வேண்டும்.

பப்பியை ஏற்றும்போது, பென் டிரைவில் முன்பு இருந்தவை பெரும்பாலும் அழிந்துவிடும். காலி டிரைவாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இன்றைய இணையதளங்கள் பெரும் சுமை. அரை ஜி.பி. நினைவகத்தில் வீடியோ பார்க்க நினைத்தால் மூச்சு வாங்கும்!

மனைவிக்காக...

பப்பிக்கு முன்பே, 2000-ல், ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் ஒரே சி.டி.யிலிருந்து ஓடும் "நாப்பிக்ஸ்" லினக்சை வெளியிட்டார். அவர் மனைவிக்குப் பார்வைக் குறைவு. அவருக்காகப் பின்னர் நாப்பிக்சில் பேசும் வசதி ஒன்றைச் சேர்த்தார். திரையில் உள்ளதை அது வாய்விட்டுப் படிக்கும். அதன் பெயர் "அட்ரியானே". மனைவியின் பெயரும் அதுதான்!