பெட்டிமேல் ஒரு வாட், கம்பியில் ஒரு வாட்

கார் ஸ்டீரியோ வாங்கப் போனால் அட்டைப்பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது மெய்தானா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்து ஓம் விதி போதும்.

எஞ்சின் ஓடும்போது காரில் கிடைக்கும் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். டேஷ்போர்டுக்குள் உட்காரும் ஸ்டீரியோவில் அதை உயர்த்தும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக ஆட்டி, இருக்கிற 14.4 வோல்ட்டை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளும். அதற்கு மேல் வழியில்லை. சைன் அலையின் உச்சம் 14.4 என்றால் அதன் ஆர்.எம்.எஸ். மதிப்பு, அதாவது ஆற்றல் கணக்குக்கு உரிய பயனுறு மதிப்பு, 10.2 வோல்ட். அதை வர்க்கப்படுத்தி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் வருவது 26 வாட். டிரான்சிஸ்டர்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிவிடுவதால் தெளிவான ஒலியாகக் கைக்குக் கிடைப்பது 20 வாட்டை ஒட்டித்தான் இருக்கும்.

பிறகு 50 எங்கிருந்து வந்தது? ஆர்.எம்.எஸ். கணக்கையே விட்டுவிட்டு 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்கள்: 51.84. வால்யூமை முழுக்கத் திருகி, அலை இரு பக்கமும் மின்னழுத்தத்தின் எல்லையில் முட்டி, தலை சீவிய இளநீர் போலத் தட்டையாகி, கடைசியில் சதுர அலையாகவே மாறிவிட்டால் அந்த ஆற்றல் ஏறக்குறைய வரும். ஆக, அச்சடித்த எண் முழுப் பொய்யும் இல்லை. யாரும் காதுகொடுத்துக் கேட்க முடியாத ஓர் ஒலியின் ஆற்றல் அது. (90-களில் இங்கே சின்னச் சின்ன ஸ்பீக்கர்களின் மேல்கூட ஒட்டியிருந்த பி.எம்.பி.ஓ. என்ற ‘உச்ச வாட்’ ஸ்டிக்கருக்கு இந்த அளவு நியாயம்கூடக் கிடையாது.)

டிக்கியில் வைக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் வேறு வகை. அதற்குள் இருக்கும் மின்னழுத்தம் உயர்த்தும் சுற்று 12 வோல்ட்டைப் பல மடங்காக உயர்த்திக்கொள்ளும் என்பதால் மேலே சொன்ன எல்லை அதைக் கட்டாது. ஆனால் ஆற்றல் அழிவின்மை விதி கட்டும். ‘1000 வாட்’ என்று எழுதிய பெட்டியின் பக்கவாட்டில் 20 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று செருகியிருக்கிறது என்று வையுங்கள். 14.4 × 20 = 288 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். ஏபி வகுப்பு ஆம்ப் என்றால் அதில் ஏறத்தாழ 60 சதவீதம் தேறும். டி வகுப்பு என்றால் 80-க்கு மேல். ஃப்யூஸ் கொஞ்ச நேரம் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கும், பாட்டில் உச்சங்களும் கணநேரமே வந்துபோகும் என்பதையெல்லாம் கணக்கில் கொண்டாலும், தொடர்ந்து 1000 வாட் வர வழியே இல்லை.

சரியாக அளக்க வேண்டுமானால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட வேண்டும். அதன் இடத்தில் 4 ஓம் ரெசிஸ்டர், பெரிய ஹீட்சிங்க்கில் பதித்தது. உள்ளே சைன் அலையைக் கொடுத்து, வெளியே வரும் அலையை ஆசிலாஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே வால்யூமை ஏற்ற வேண்டும். முனை மழுங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி மல்டிமீட்டரில் வோல்ட்டைப் படிக்க வேண்டும். 20 வோல்ட் என்றால் 100 வாட்; 40 வோல்ட் என்றால் 400. மலிவான மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டவை, மேலே போகப் போகத் தவறாகக் காட்டும். பேஸ் ஆம்பை 50 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே அளந்துவிட்டால் அந்தச் சிக்கலும் இல்லை.

மழுங்கத் தொடங்குவது எங்கே என்பதில்தான் தகராறு. கண் பார்த்துச் சொல்வதற்குள் சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். 10 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தால் எண் கணிசமாக ஏறும். அளக்கும்போது ஆம்புக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் முக்கியம்: பேட்டரி முனையில் 14.4 வோல்ட் இருந்தும், மெல்லிய ஒயரால் ஆம்பின் முனையில் 12.6 ஆகிவிட்டால், மின்னழுத்தத்தைச் சீர்படுத்தாத ஆம்பில் ஆற்றல் கால் பங்கு போய்விடும். அமெரிக்காவில் வீட்டு ஆம்ப்களின் விளம்பர வாட்டுக்கு 1974-லேயே அரசு விதி வந்துவிட்டது. கார் ஆம்ப்களுக்கு 2003-இல்தான் சி.இ.ஏ.-2006 என்ற தரநிலை வந்தது: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 சதவீதத்துக்குள். அதுவும் கட்டாயமில்லை, விரும்பினால் பின்பற்றலாம்.

எல்லாரும் எண்ணைக் கூட்டித்தான் எழுதினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதே அமெரிக்காவில், 1980-களின் பிற்பகுதியிலும் 90-களிலும், கார் ஒலிப் போட்டிகளில் ஆம்பின் அறிவிக்கப்பட்ட வாட்டைப் பார்த்துப் பிரிவு ஒதுக்கினார்கள். உடனே வந்தன ‘சீட்டர் ஆம்ப்’கள். ஓரியன் நிறுவனத்தின் 225 ஹெச்.சி.சி.ஏ. அவற்றில் பேர்போனது. 4 ஓமில் சேனலுக்கு வெறும் 25 வாட் என்று அறிவித்தார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அரை ஓம் வரை தாங்கும்படி கட்டியிருந்தார்கள். தடை பாதியாகும்போதெல்லாம் ஆற்றல் இரட்டிக்கும்: 25, 50, 100, 200. சின்னப் பிரிவில் நுழைந்துகொண்டு எட்டு மடங்கு அடி! எனக்கு இந்தக் குறும்பின்மேல் ஒரு மரியாதை உண்டு. எண்ணில் ஒரு பொய்யும் இல்லை, ஓம்தான் வேறு.

போட்டிக்காரர்கள் விரும்பும் இன்னொரு சோதனை, ஸ்பீக்கரைக் கழற்றாமலே அதன் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஆம்பியரை வோல்ட்டால் பெருக்குவது. 40 வோல்ட், 20 ஆம்பியர், அதனால் 800 வாட் என்பார்கள். ஸ்பீக்கர் வெறும் ரெசிஸ்டராக இருந்தால் சரி. ஆனால் அதன் கூம்பு ஸ்பிரிங் போன்ற தாங்கியில் தொங்குகிறது; வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை ஒவ்வொரு சுற்றிலும் ஆம்புக்கே திருப்பி அனுப்புகிறது. வோல்ட்டும் ஆம்பியரும் 45 பாகை விலகியிருந்தால் அந்த 800-இல் உண்மையான வாட் 566 மட்டுமே. ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் விலகல் இருக்காது, பெருக்கல் சரியாக வரும். ஆனால் ஸ்பீக்கரின் தடை பல மடங்கு ஏறியிருப்பதும் அங்கேதான், அதனால் ஆம்ப் அங்கே கொடுப்பதே குறைவு.

அதோடு சூடு வேறு. ஸ்பீக்கருக்குள் போகும் மின்னாற்றலில் சுமார் ஒரு சதவீதம்தான் ஒலியாகிறது. மீதி எல்லாம் அதன் செம்புக் கம்பிச் சுருளைக் காய்ச்சுகிறது. செம்பின் தடை ஒரு பாகைக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். சுருள் 200 பாகை கூடுதலாகச் சூடானால் தடை 78 சதவீதம் அதிகம். ஆம்ப் அதே வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் ஸ்பீக்கர் வாங்கும் ஆற்றல் கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கிவிடும். சோதனை மேசையின் ரெசிஸ்டர்களைச் செம்பில் சுற்றாமல், எவ்வளவு காய்ந்தாலும் தடை அதிகம் மாறாத நிக்கல் கலப்பு உலோகக் கம்பியில் சுற்றுவது இதனால்தான்.