கண்ணுக்குள் தெரியும் வருத்தம்

ஓர்ஸ் ஹில்லில் நான் சந்திக்கும் பெண்களில் பலர், ஊசியில் நூல் கோர்க்க முடியாவிட்டால் "வயசு போகுது" என்று கடையில் ஒரு கண்ணாடியை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். போரில் கணவரை இழந்து, தையலால் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஓர் அக்கா ஒரே வருடத்தில் இரண்டு கண்ணாடி மாற்றினார். சரிவரவில்லை. கண் கிளினிக்கில் துளிமருந்து விட்டுப் பார்த்த டொக்டர், "அம்மா, உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கா?" என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியாது. இரத்தம் சோதித்தபோது இருந்தது.

சீனி ஏறி இறங்கினால் கண்ணாடியின் இலக்கமும் மாறும். அதைவிட முக்கியம் விழித்திரை. உடம்பை வெட்டாமல் இரத்தக் குழாய்களை நேரே பார்க்கக்கூடிய இடம் அதுதான். அதைப் பார்க்கும் கருவியை 1851இல் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்தார். சீனி வருத்தத்தால் அங்கே சிறு இரத்தக் கசிவுகள் உண்டாகும். பிரஷர் கூடினால் குழாய்கள் ஒடுங்கும். தொடக்கத்தில் நோவும் இராது, பார்வையும் குறையாது. அதனால்தான் பலரும் பிந்திப் போகிறார்கள்.

சகோதரிகளே, 35 வயதானால் சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரையும் சீனியையும் இலவசமாகப் பார்க்கலாம். சீனி இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையையும் காட்டுங்கள். துளிமருந்து விட்டால் சில மணிநேரம் பார்வை மங்கலாக இருக்கும்; துணைக்கு ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.