தூரத்து நிலவுக்குச் செலவு குறைவு!

ஹைதராபாத் பத்மாராவ் நகரில் அக்கா வீடு. ஞாயிறு மதியம். பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகன் கணினி முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு குட்டி விண்கலம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடா, விளையாடாம வேடிக்கை பார்க்கிற?"

"இப்ப இன்ஜினைப் போட்டா எரிபொருள் வேஸ்ட் சித்தி. கீழே வரட்டும்."

அவன் விளையாடுவது 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்'. மெக்சிகோவின் ஸ்குவாட் நிறுவனம் 2011-ல் முதலில் வெளியிட்ட விளையாட்டு. சுட்டுத்தள்ள எதிரி கிடையாது; இருக்கும் எரிபொருளில் போய்ச் சேருவதுதான் சவால்.

அதில் வரும் கெர்பின் கிரகத்துக்கு இரண்டு நிலவுகள். 'மூன்' 12,000 கி.மீ. தொலைவில், 'மின்மஸ்' 47,000 கி.மீ. தொலைவில். ஆனால், கெர்பினின் தாழ்வட்டப் பாதையிலிருந்து மூனில் போய் இறங்க, வினாடிக்குச் சுமார் 1,750 மீட்டர் அளவுக்கு வேகத்தை மாற்ற வேண்டும். மின்மஸுக்கு 1,270 போதும்! ஈர்ப்பு என்னும் மலையில் செங்குத்தெல்லாம் அடிவாரத்தில்தான். அதைக் கடந்துவிட்டால் மிச்ச தூரத்துக்குச் செலவு கொஞ்சம்தான். மின்மஸின் ஈர்ப்பும் குறைவு என்பதால், பிரேக் போடவும் இறங்கவும் அதிகம் எரிக்க வேண்டியதில்லை.

ஒரு நிலவிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இன்னும் சுவாரஸ்யம். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர் பஸ் போகும் திசையிலேயே ஓடி இறங்குவார் அல்லவா? அதுபோல, மூன் சுற்றும் திசையிலேயே கிளம்பினால் அதன் ஓட்டமும் நமக்கு வரவு. மின்மஸ் சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்து கிளம்ப வேண்டும்.

இந்தப் பொறுமைதான் சந்திரயான்-3-ஐ நிலவில் இறக்கியது. 1969-ல் அப்போலோ 11 மூன்றே நாளில் நிலவை அடைந்தது; அதற்கு ராட்சத சாட்டர்ன் 5 ராக்கெட் தேவைப்பட்டது. நம் எல்.வி.எம்.3 அவ்வளவு பெரிதல்ல. அதனால் 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய கலம், பூமியைச் சுற்றிச் சுற்றிப் பாதையை நீட்டிக்கொண்டே போனது. பூமியை நெருங்கும்போது வேகம் உச்சத்தில் இருக்கும். அப்போது எரிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் பலன் கூடுதல். ஆகஸ்ட் 5 அன்று நிலவின் சுற்றுப்பாதை. 23 அன்று தரையிறக்கம். விழுப்புரத்துக்காரரான திட்ட இயக்குநர் வீரமுத்துவேலின் குழு, நாள்களைக் கொடுத்து எரிபொருளை மிச்சம் பிடித்தது.

லேண்டரை நிலவருகே இறக்கிவிட்ட உந்துகலத்தில் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மீந்திருந்தது. அதை வைத்தே அக்டோபரில் நிலவின் பாதையிலிருந்து கிளப்பி, பூமியின் சுற்றுப்பாதைக்கே திருப்பிக் கொண்டுவந்தது இஸ்ரோ. முதலில் போட்ட திட்டத்தில் இல்லாத பயணம் அது! சிக்கனம் என்றால் வயிற்றைக் கட்டுவது என்று நினைக்கிறோம். அது இன்னொரு பயணத்துக்கான கட்டுச்சோறு.

இதே ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம்தான் 2022 நவம்பர் 18 அன்று, நாட்டின் முதல் தனியார் ராக்கெட்டான விக்ரம்-எஸ்ஸை ஏவியது. அதன் இன்ஜினுக்கு நம் கலாமின் பெயர். அடுத்த கணக்குகளைப் போடப்போகிறவர்கள் இப்போது பிளஸ் ஒன்னில் இருக்கலாம். விளையாடும் பிள்ளையை அதட்டும் முன், என்ன விளையாடுகிறான் என்று ஒருமுறை கேளுங்கள்.

கலம் கீழே வந்தது. பையன் இன்ஜினைப் போட்டான். எண்ணிச் சில வினாடிகள்தான். திரையில் பாதைக்கோடு நீண்டு நீண்டு, மின்மஸைத் தொட்டது. முதலில் அவன் கண் போனது எரிபொருள் அளவுக்குத்தான்.

"திரும்பி வர்றதுக்கும் இருக்கு சித்தி!"