விமானம் ஏறாமலே வெளிநாட்டுப் பாடம்

வெளிநாட்டில் ஒரு பருவமாவது படித்துவர எல்லா மாணவர்களுக்கும் வசதி இருப்பதில்லை. அதற்கு ஒரு மாற்றுவழிதான் இணையவழிப் பன்னாட்டுக் கூட்டுக் கற்றல். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் இதற்கென ஒரு மையத்தையே தொடங்கியது.

இரு நாட்டு விரிவுரையாளர்கள் சேர்ந்து பாடம் அமைக்க, இருதரப்பு மாணவர்களும் ஒரே குழுவாக ஆராய்கிறார்கள். புவியியலுக்கு இது நன்கு பொருந்தும். குடிபெயர்வு பாடத்தில், ஆளனுப்பும் நாட்டு மாணவரும் ஆளெடுக்கும் நாட்டு மாணவரும் பேசிக்கொண்டால், வரைபடத்து அம்புக்குறிக்குப் பின்னால் இருக்கும் கடனும் கூலியும் குடும்பப் பிரிவும் தெரியவரும்.

சிக்கலும் உண்டு. மலேசியாவுக்கும் நியூயார்க்குக்கும் 12 அல்லது 13 மணி நேர வித்தியாசம். அதனால் எழுத்துவழி உரையாடலே கைகொடுக்கும். குழுவேலைக்குப் புள்ளி வழங்காவிட்டால் மாணவர் ஆர்வம் குறைந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் சேரும் பிள்ளைகள், இத்தகைய பாடம் உண்டா என முதலிலேயே விசாரிப்பது நல்லது.