கிரேக்க எழுத்து வீடுகளில் 2020

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபிரட்டர்னிட்டி' என்பது பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய ஆண் மாணவர் சங்கம். உறுப்பினர்கள் பலர் ஒரே வீட்டில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகக் கூத்தடிப்பார்கள். பட்டம் வாங்கிய பிறகும் அந்த உறவு விடாது. நிலவில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 'ஃபை டெல்டா தீட்டா'க்காரர். கறுப்பின மாணவர்கள் 1906-இல் தொடங்கிய 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா'வில் இருந்தவர் மார்ட்டின் லூதர் கிங்.

2020-இல் அந்தக் கூட்டு வாழ்க்கையே வினையானது. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய சங்க வீடுகளில் கோடையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா. வெளியே வேலைச் சந்தை சரிந்து கிடந்தது. ஏப்ரலில் வேலையின்மை 14 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் பழைய 'அண்ணன்மார்' கைகொடுப்பார்கள் என்பது உறுப்பினர்களின் நம்பிக்கை. அது வெறும் பேச்சல்ல. யூனியன் கல்லூரிப் பொருளாதார அறிஞர்கள் வடகிழக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர்களை ஆராய்ந்தார்கள். சங்கத்தில் சேர்ந்ததால் மதிப்பெண் சற்றே இறங்கியது. பிற்கால வருமானமோ சுமார் 36 சதவீதம் ஏறியது!

இந்த ஏணி யாருக்கு எட்டுகிறது என்ற கேள்வியும் அதே ஆண்டு வெடித்தது. பெரும்பாலும் வெள்ளையினப் பிள்ளைகளைக் கொண்ட சங்கங்கள் இனப் பாகுபாட்டை வளர்க்கின்றன என்று சொல்லி, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உறுப்பினர்கள் பலர் தாங்களே விலகினார்கள். சங்கங்களைக் கலைக்கச் சொல்லி இயக்கமும் நடத்தினார்கள்.