45,000 ரூபாய் லேப்டாப்பா, 1,100 ரூபாய் ரேமா? வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க



போன மாசம் அக்கா பையன் வந்து, "மாமா, லேப்டாப் ரொம்ப ஸ்லோ. ஒரு எக்செல் ஃபைல், நாலு குரோம் டேப் திறந்தாலே நின்னுடுது. புதுசு வாங்கித் தரச் சொல்லி அம்மாகிட்ட நீங்க பேசுங்க"ன்னு ஆரம்பிச்சான். கடையில 45,000 ரூபாய்க்கு நோ காஸ்ட் இஎம்ஐ வரைக்கும் பேசிட்டு வந்துட்டான். பேருதான் நோ காஸ்ட். கிரெடிட் கார்டுல போட்டா பெரும்பாலும் புராசஸிங் கட்டணமும், வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் நம்ம தலையிலதான் விழும். அதனால முதல்ல பழைய லேப்டாப்ப வாங்கிப் பார்த்தேன்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. வழக்கமா செய்யற வேலைய செஞ்சுகிட்டே பாருங்க. இவனுக்கு 4 ஜிபியில 92 சதவீதம் நிரம்பியிருந்தது. ரேம் நிரம்பினா விண்டோஸ் ஹார்டு டிஸ்க்கையே ரேம் மாதிரி பயன்படுத்தும். அதனால டிஸ்க்கும் 100 காட்டும், நாம டிஸ்க்தான் போச்சுன்னு நினைப்போம். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கு, டிஸ்க் மட்டும் 100ல நிக்குதுன்னா ரேம் வாங்காதீங்க, அந்தக் காசுக்கு எஸ்எஸ்டி போடுங்க.

அதே பக்கத்துல எத்தனை ஸ்லாட் இருக்கு, எத்தனை நிரம்பியிருக்குன்னும் காட்டும். இவனுக்கு ரெண்டுல ஒண்ணு காலி. சில மெல்லிசான மாடல்கள்ல ரேம் போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க. அத கழட்ட முடியாது.

இனிதான் காசு வீணாகிற இடம். நானே ஒரு தடவ ஏமாந்திருக்கேன். டிடிஆர்3னு மட்டும் பாத்து 900 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன், லேப்டாப் ஆன் ஆகவே இல்ல. கவர் பிரிச்சாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டாங்க. என் லேப்டாப் கேட்டது டிடிஆர்3எல். பழைய டிடிஆர்3 1.5 வோல்ட், எல் போட்டது 1.35 வோல்ட். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான், ஸ்லாட்லயும் உட்காரும். இன்டெல் நாலாவது தலைமுறை லேப்டாப்கள் எல் வகையத்தான் கேட்கும். உள்ள இருக்கிற ரேமோட ஸ்டிக்கர்ல பிசி3எல்-12800னு இருந்தா அதே எழுத்தைக் கடையில காட்டுங்க. 12800னா 1600 வேகம். அதிகபட்சம் எவ்வளவு போடலாம்னு மாடல் மேனுவல்ல பாத்துக்கோங்க. முதல் தலைமுறை கோர் ஐ லேப்டாப்கள் பெரும்பாலும் ஸ்லாட்டுக்கு 4 ஜிபி தாண்டாது. விண்டோஸ் 32 பிட்டா இருந்தா 4 ஜிபிக்கு மேல போட்டும் பிரயோஜனம் இல்ல.

கழட்டுறது பத்து நிமிஷ வேலை. ஸ்லீப் வேண்டாம், முழுசா ஷட் டவுன் பண்ணுங்க. சார்ஜர் பின், பேட்டரி ரெண்டையும் எடுத்துட்டு பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடிங்க. பேட்டரி உள்ளயே இருந்தா, மூடியத் திறந்ததும் அதோட கனெக்டரை முதல்ல எடுக்கணும். ஏதாவது உலோகத்தத் தொட்டுட்டு ரேம்ல கை வைங்க, உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் போயிடும்.

ரேமோட ரெண்டு பக்கமும் சின்னக் கிளிப் இருக்கும். ரெண்டையும் வெளிப்பக்கமாத் தள்ளினா அதுவே சாய்வா எழும்பி நிக்கும். ஓரத்தைப் பிடிச்சு அதே சாய்வுல இழுங்க. புதுசு போடும்போது தங்கக் கலர் பின்கள் நடுவுல இருக்கிற வெட்டு ஸ்லாட்டோட பொருந்தணும். சாய்வா முழுசா உள்ள தள்ளிட்டு, அப்புறம் கீழ அழுத்தினா 'க்ளிக்'னு பிடிக்கும். பொருந்தலன்னா பலம் போடாதீங்க, வேற வகை வாங்கியிருக்கலாம்.

ஆன் பண்ணதும் திரை கறுப்பாவே இருந்தா பயப்படாதீங்க, திரும்பக் கழட்டி அழுத்திப் போடுங்க. அப்பவும் வரலன்னா ஒவ்வொரு ரேமா தனித்தனியாப் போட்டுப் பாருங்க, எது கோளாறுன்னு தெரிஞ்சிடும். அடிக்கடி நீலத் திரை வர்ற சில லேப்டாப்கள் கெட்டுப்போன ஒரு ரேமை எடுத்தாலே சரியாகும், செலவே இல்ல.

இவனுக்கு இன்னொரு 4 ஜிபி 1,100 ரூபாய்ல முடிஞ்சது. ஆனா ஒரு விஷயம், இந்த வயசு லேப்டாப்புக்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா வராது, விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. அதனால நெட் பேங்கிங் அதுல வேண்டாம்னு சொல்லிட்டேன். பழைய லேப்டாப்புக்கு ரேம், எஸ்எஸ்டி ரெண்டும் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல நான் போட மாட்டேன்.

12 மாச இஎம்ஐ 3,750 ரூபாய் வந்திருக்கும். அக்கா இப்ப அதே தொகையை ஆர்டில போடுறாங்க, அடுத்த லேப்டாப் ரொக்கத்துக்கு வாங்கலாம்னு. உங்க ரேம் ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்குன்னு கமெண்ட்ல போடுங்க, எது பொருந்தும்னு சொல்றேன்.