திருச்சியில எங்க சாப்பிடலாம்? முகவரியை விட மணி முக்கியம்

வெளியூர் நண்பர்கள் திருச்சிக்கு வந்தால் மலைக்கோட்டைக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்பது, "எந்த ஓட்டல்ல சாப்பிடலாம்?" என்பதுதான். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: "எத்தனை மணிக்கு?"

கிண்டலாகக் கேட்பதில்லை. இந்த ஊரின் நல்ல சாப்பாட்டில் பாதி, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான் கிடைக்கும். காலை பத்தரைக்கு மேல் போனால் டிபன் முடிந்திருக்கும். மதியம் கோவில் நடை சாத்தியிருக்கும். நாலு மணிக்கு முன்னால் பலகாரக் கடையில் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள். இது தெரியாமல் வந்து, பசி தாங்காமல் பைபாஸ் ரோட்டில் எங்கேயோ பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, "திருச்சியில ஒண்ணும் விசேஷமா இல்லையே" என்று சொல்லிப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகச் சேர்த்த குறிப்புகள் இவை. கடைப் பட்டியல் மட்டும் போதும் என்றால் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம். ஆனால் அந்தக் கடைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரிந்து சாப்பிட்டால் ருசி கொஞ்சம் கூடும் என்பது என் அனுபவம்.

முதலில் ஆறு

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது: வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. நடுவில் தீவாகக் கிடப்பது ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். தென்கரையில் உறையூர், மலைக்கோட்டை, பெரிய கடைவீதி, காந்தி மார்க்கெட். கிழக்கே போனால் கல்லணை.

சாப்பாட்டு வரைபடமும் இதே மாதிரி பிரிந்துதான் இருக்கிறது. தீவில் மடப்பள்ளியும் சைவ டிபனும். தென்கரையில் காப்பி கிளப், மிட்டாய்க் கடை, பிரியாணி. ஊருக்கு வெளியே ஆற்றோரம் மீன், வாழை, முறுக்கு. ஒரே நாளில் மூன்றையும் தொட்டுவிடலாம். பாலத்தைத் தாண்டும்போது சமையலும் மாறுவதை நாக்கே சொல்லும்.

தீவு: மடப்பள்ளி

156 ஏக்கர், ஏழு பிராகாரம் என்று ஸ்ரீரங்கம் கோவிலைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். சாப்பாட்டுக்காரன் கண்ணில் படுவது வேறு: அந்த மதில்களுக்குள்ளேயே வீதிகள், வீதிகளில் வீடுகள், மெஸ்கள், காப்பிக் கடைகள். வெளிப் பிராகாரங்களில் நடந்துகொண்டே டிபன் சாப்பிட முடிகிற கோவில் இது.

உள்ளே நடப்பது தளிகை. சுவாமிக்குச் சமைப்பதைச் சமையல் என்று சொல்வதில்லை. மண்பானையில் ஆக்குவது வழக்கம். பழைய மடப்பள்ளி மரபில் மிளகாய் கிடையாது, தக்காளி, உருளைக்கிழங்கு கிடையாது. மூன்றும் தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக, 16-ம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் நம்மிடம் வந்தவை. கோவில் சமையல் அதற்கு முந்தைய நிலையிலேயே நின்றுவிட்டது. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி, இனிப்புக்கு வெல்லம், எல்லாவற்றுக்கும் நெய். மிளகாய் வருவதற்கு முன் தமிழ்நாட்டுச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமா? அதற்கு ஏட்டைவிடக் கோவில் புளியோதரை கிட்டத்தில் இருக்கிறது.

இரவு கடைசியில் அமுது செய்விப்பது அரவணை. அரிசி, வெல்லம், நெய் மூன்றும் சேர்ந்து கருத்துத் திரண்டிருக்கும். சர்க்கரைப் பொங்கல் என்று நினைத்து வாயில் போட்டால் ஏமாந்து போவீர்கள். அதைவிடக் கெட்டி, அதைவிட ஆழமான இனிப்பு. ராத்திரி தங்குகிறவர்களுக்குத்தான் வாய்க்கும்.

எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது ரொட்டி. ஆமாம், கோதுமை ரொட்டி. ஸ்ரீரங்கம் கோவிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சன்னதி உண்டு. விக்கிரகம் இல்லை, சுவரில் ஓவியம்தான். ரங்கநாதர் மேல் காதல் கொண்டு டெல்லியிலிருந்து பின்தொடர்ந்து வந்த சுல்தானின் மகள் என்பது கதை. அவளுக்காக ரொட்டியும் வெண்ணெயும் நிவேதனமாகிறது. கதைக்குப் பின்னால் இருப்பது வரலாறு: 1311-ல் மாலிக் காபூர் படையெடுப்பு, 1323-ல் மறுபடி டெல்லிப் படை, உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தது, 1371-ல் திரும்பி வந்தது. இவ்வளவு ரத்தம் சிந்திய நினைவை இந்த ஊர் ஒரு மருமகளின் கதையாக மாற்றி, அவள் ஊர்ச் சாப்பாட்டையும் மெனுவில் சேர்த்துக்கொண்டது. பழி வாங்குகிற கதைகள் எளிதாகக் கிடைக்கிற இந்தக் காலத்தில் அந்த ரொட்டியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: பிரசாத ஸ்டாலில் விற்கிற புளியோதரை, வடை, அதிரசம் எல்லாமே சுவாமிக்குக் காட்டிய தளிகை என்று நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டு வாங்குங்கள். காசே வேண்டாம், பசிக்கிறது என்றால் அன்னதானக் கூடம் இருக்கிறது. நாள் முழுவதும் அன்னதானம் என்ற அரசுத் திட்டம் 2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும்தான் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் பந்தியில் உட்காரலாம்.

யார் எங்கே உட்காரலாம்

"யார் வேண்டுமானாலும்" என்ற அந்த இரண்டு வார்த்தைகள் இந்த ஊரில் சும்மா வந்துவிடவில்லை.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி ஓட்டல்களுக்கு 'காப்பி கிளப்' என்று பெயர். திருச்சியில் ஆதிகுடி காபி கிளப் இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வெளியே, யார் சமைத்தது என்று தெரியாத ஒன்றைக் காசு கொடுத்துச் சாப்பிடுவது அப்போது புதுப் பழக்கம். ஜாதிக் கட்டுப்பாடுகளுக்கு அது பெரிய சங்கடம். அதற்குக் கண்டுபிடித்த வழி தடுப்பு: 'பிராமணாள்' ஒரு பக்கம், 'இதராள்' ஒரு பக்கம். தலித்துகளுக்குப் பல இடங்களில் உள்ளே வரவே வழியில்லை.

அன்றைக்கு சவுத் இந்தியன் ரயில்வேயின் தலைமையகம் திருச்சி. அந்த ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளிலும் இதே தடுப்பு இருந்தது. ஒரே ரயிலில், ஒரே டிக்கெட்டில் வந்தவர்கள் இட்லி சாப்பிட மட்டும் தனித்தனி அறைக்குப் போக வேண்டும்! பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்துப் போராடியதில் 1941-ல் அந்தப் பிரிவினை நீங்கியது. ஊருக்குள் ஓட்டல் போர்டுகளை எடுக்க வைக்கும் போராட்டம் 1950-களிலும் சென்னையில் நடந்தது.

சாப்பாட்டுக் குறிப்பில் இது எதற்கு என்று கேட்கலாம். "பழைய ஓட்டல், பாரம்பரிய ருசி" என்று நாம் ஏக்கத்தோடு எழுதும் காலத்தில், எழுதுகிறவனும் படிக்கிறவர்களும் எல்லோரும் அந்த ஓட்டலுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்க முடியாது. ருசி பழையதாக இருக்கட்டும். பெஞ்சு புதுசாக இருப்பது நல்லது.

திருவானைக்காவலில் ஒரு தோசை

தீவை விட்டுக் கிளம்பும் முன் ஸ்ரீ பார்த்தசாரதி விலாஸ். 1943-லிருந்து நடக்கிற கடை. நெய் தோசைக்குப் பேர் போனது. விறகு அடுப்பு, கனமான கல், மேலே நெய். அவ்வளவுதான். விறகு அடுப்பில் சூட்டைத் திருகிக் குறைக்க முடியாது, கல்லின் சூட்டைக் கையாலும் கண்ணாலும் அறிந்துதான் வார்க்க வேண்டும். ஓரம் முறுகி நடுவில் மெத்தென்று இருப்பதன் ரகசியம், சூட்டைப் பிடித்து வைக்கிற அந்தக் கனமான கல்லில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. கூட்டம் இருக்கும். காலையிலோ மாலையிலோ போங்கள், நடுமதியத்தை நம்பாதீர்கள்.

தென்கரை: கடைவீதி

மலைக்கோட்டை அடிவாரத்தை மெயின்கார்டு கேட்டிலிருந்து நடந்தே சுற்ற வேண்டும். மைக்கேல் ஐஸ்கிரீம் இங்கேதான். சின்னக் கப், சின்ன விலை. கல்லூரிப் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்துவதில்லை. மயில் மார்க், யானை மார்க், பி.ஜி.நாயுடு என்று இனிப்புக் கடைகளுக்கும் குறைவில்லை. யானை மார்க் என்றால் பெரிய பூந்தி.

மலைமேல் இருக்கும் தெய்வங்களுக்கும் தனித்தனி மெனு. தாயுமானவருக்கு சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் சாத்துவார்கள். விநாயகர் சதுர்த்தியன்று கீழே மாணிக்க விநாயகருக்கும் மேலே உச்சிப் பிள்ளையாருக்குமாக 150 கிலோ கொழுக்கட்டை, ஆளுக்குப் பாதி.

கொஞ்சம் நடந்தால் நத்தர்வலி தர்கா. 1752-ல் கொல்லப்பட்ட சந்தா சாகிப் அங்கேதான் அடக்கமானதாகச் சொல்வார்கள். ஆற்காட்டு நவாபுகள் திருச்சியில் வேரூன்றியதன் மிச்சம் இன்று கட்டடங்களை விடப் பிரியாணிச் சட்டியில்தான் அதிகம். சீரகச் சம்பா, கூடவே தால்ச்சா, கத்தரிக்காய், தயிர் வெங்காயம். பாலக்கரைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசனை பிடித்துக்கொண்டே போகலாம். ரம்ஜான் மாதம் வந்தால் விடாதீர்கள்: சாயங்காலம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி. அரிசி, பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு. தூக்குவாளியோடு நிற்கிற வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

ஊருக்கு வெளியே: மீன், வாழை, முறுக்கு

முக்கொம்பில் 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்க மதகுகள் சில இடிந்து விழுந்து, பிறகு புதுக் கதவணை கட்டினார்கள். அணைக்குப் பக்கத்தில் மசாலா தடவிய மீனைக் கண்ணெதிரே பொரித்துக் கொடுப்பார்கள். கல்லணையிலும் அப்படியே. வறுபடுவதெல்லாம் ஆற்று மீன் என்று இல்லை, வளர்ப்புக் குளத்து மீனும் வரும். ஜிலேபி, கெண்டை, விரால் என்று பேர் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே கொஞ்சம் தூரம் போய் வருவோம். பெல்ஜியத்தின் கெண்ட் நகரமும் நம்ம ஊர் மாதிரிதான். லை, ஷெல்ட் என்று இரண்டு ஆறுகள் கூடுகிற பழைய ஊர். அந்த ஊரின் பேர் போன குழம்பு 'வாட்டர்ஸோய்'. முதலில் அது ஆற்று மீன் குழம்பு. ஆறு கெட்டு மீன் போனதும் கோழியைப் போட்டுச் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று அங்கே போய்க் கேட்டால் பெரும்பாலும் கோழிதான் வரும். ஆறு போனதற்கான அத்தாட்சி தட்டிலேயே இருக்கிறது.

நம் கதையும் அங்கே போய்விடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சி நகரத்துக்குள் நுழைந்து வெளியேறுவதற்குள் என்ன நிறமாகிறது என்று பாலத்தில் நின்று பாருங்கள். வாழையும் நெல்லும் வளர்க்கிற தண்ணீர் அது. சாக்கடை கலந்த தண்ணீர் ருசியைக் கெடுக்கிறதா என்று விவாதிப்பதற்கு முன்னால், அதை வாய்க்காலில் விடாமல் இருப்பது சுலபம்.

வாழை இந்த வட்டாரத்தின் உயிர். லால்குடி, முசிறி, தொட்டியம் பக்கம் ரோட்டின் இரு பக்கமும் தோப்பு. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-ல் திருச்சியில் வந்ததற்கும் அதுதான் காரணம். ஏலரிசி, ரஸ்தாளி, பூவன், கற்பூரவல்லி, பச்சநாடன் ஐந்தையும் ஒவ்வொரு பழமாக வாங்கி ஒரே சமயத்தில் ருசி பாருங்கள். இதைவிடக் குறைந்த செலவில் ஒரு சாப்பாட்டு ஆராய்ச்சி கிடையாது.

வடக்கே சமயபுரம். பக்தர்கள் விரதம் இருப்பது எங்கும் உண்டு. இங்கே அம்மனே பக்தர்களுக்காக விரதம் இருக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், பச்சைப் பட்டினி விரதம். சமைத்த நிவேதனம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும். வெயில் ஏறுகிற மாதத்தில் உடம்புக்கு வேண்டியதும் அதுதானே.

திண்டுக்கல் போகிற வழியில் மணப்பாறை. முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரிசி மாவு, ஓமம், எள், சீரகம். பாதி வேகவைத்து எடுத்து ஆறவிட்டு மறுபடி எண்ணெயில் போடுவதுதான் அந்த மொறுமொறுப்புக்குக் காரணம். ஊர்க்காரர்களைக் கேட்டால் லேசாக உப்புக் கரிக்கிற மணப்பாறைத் தண்ணீர் என்பார்கள். இரண்டும் சரியாக இருக்கலாம்.

ஒரே நாள்தான் இருக்கிறதா?

காலை ஆறரை: ஸ்ரீரங்கம் உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் டிகிரி காப்பி. பிறகு கோவில்.

ஒன்பது: திருவானைக்காவல், நெய் தோசை.

பன்னிரண்டரை: சைவம் என்றால் ஸ்ரீரங்கத்தில் ஏதாவது ஒரு மெஸ்ஸில் இலைச் சாப்பாடு, இல்லையென்றால் அன்னதானம். அசைவம் என்றால் பாலத்தைத் தாண்டிப் பிரியாணி.

மூன்று: முக்கொம்பு, மீன். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

ஆறு: மலைக்கோட்டை அடிவாரம், பூந்தி, ஐஸ்கிரீம். காந்தி மார்க்கெட்டில் வாழைப்பழம்.

இரவு: ஸ்ரீரங்கத்தில் தங்கினால் அரவணைக்கு எத்தனை மணி என்று சாயங்காலமே விசாரித்து வையுங்கள். நேரம் உற்சவத்துக்கு உற்சவம் மாறும்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அப்போது எங்கே கூட்டம் குறைவோ அங்கே சாப்பிடுங்கள்.